மழைக்கு ஒதுங்கிய காலிப்பர்

நாலு வீடியோ பார்த்தவனிடம் காரைக் கொடுக்கக் கூடாது. அந்தக் கார் அவனுடையதாகவே இருந்தாலும் கூடாது. அனுபவித்தவன் சொல்கிறேன்.

எங்களுடையது ஒன்பது வயதான சின்னக் கார். மட்டாஞ்சேரிச் சந்துகளில் அது முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதில்லை. அதற்குப் பந்தயக் கார்களில் வருகிற சிவப்புக் காலிப்பர் மாட்டியே தீருவது என்று எனக்கு ஒரு வெறி. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வி வண்டியை நிறுத்துவதுதான் காலிப்பர். பழையதில் ஒரு பிஸ்டன், புதியதில் நான்கு. (உண்மையைச் சொன்னால், பிஸ்டனை விடச் சிவப்புதான் முக்கியம்.)

ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானே மாட்டினேன். பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஒவ்வொரு காலிப்பரிலும் ஒரு திருகு உண்டு. அது மேல்பக்கமாக நின்றது. கொச்சி மழை நேரே அதற்குள் இறங்கிவிடுமே என்று கவலைப்பட்டேன். இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டதும் திருகு சமர்த்தாகக் கீழே போய்விட்டது. எது இடது, எது வலது என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. கம்பெனிக்காரனுக்கு எங்கள் ஊர் மழை தெரியாது என்று மன்னித்துவிட்டேன்.

மறுநாள் காயலுக்கு அக்கரையில், வைப்பின் தீவில் மச்சினனுக்கு நிச்சயதார்த்தம். பக்கத்தில் மனைவி சுதா. பின்சீட்டில் மாமனார், மடியில் மாதுளை வைத்த சீர்த்தட்டு. கொச்சங்காடி முனையில் பெடலை மிதித்தேன். பஞ்சு போல உள்ளே போயிற்று. இரண்டாவது மிதியில்தான் வண்டி நின்றது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் கிளம்பும்போதுதான் மாமனாரைக் குனியவைத்து அந்தச் சிவப்பைக் காட்டியிருந்தேன். மானம் தடுத்தது.

"ஏன்னா, எதுக்குக் காலை இப்படி ஆட்டறேள்?" என்றாள் சுதா.

"புது பிரேக். பழகிண்டிருக்கேன்."

அடுத்த திருப்பத்தில் மூன்று மிதி தேவைப்பட்டது. அதற்கடுத்ததில் நான்கு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வண்டிகளை அக்கரை சேர்க்கும் ஜங்கார் படகுக்கு இறங்கும் சரிவுக்கு வந்துவிட்டோம்.

"போரட்டே, போரட்டே" என்று ஜங்கார்க்காரர் கையசைத்துக் கூப்பிட்டார். கார் தானாகவே போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஜங்காரில் முட்டை அடுக்கிய டெம்போ. அதற்கு அப்பால் ஒரு சங்கிலி, அப்புறம் காயல். மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தேன். மறுபடியும் தரை. இரண்டு உயிர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"சுதா, பிரேக் இல்லை."

அவள் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கார் ஜங்கார் தட்டில் ஏறிக் குலுங்கி நின்றது. முட்டைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சாண். மாமனாரின் மாதுளைகள் மட்டும் நிற்காமல் என் காலடிக்கு வந்து சேர்ந்தன.

டெம்போ ஓட்டி வந்தவர் நாமக்கல்காரர். முதலில் முட்டைகளைப் பார்த்தார், பிறகு குனிந்து எங்கள் சக்கரத்தைப் பார்த்தார்.

"காத்து எடுக்கற திருகு கீழ இருக்குதுங்களே. மாத்தி மாட்டிட்டீங்களா? காத்து உள்ளயே நின்னா பிரேக் பிடிக்காதுங்களே."

"மழைத் தண்ணி இறங்கிடும்னு..." என்று இழுத்தேன்.

சுதா திருப்பூணித்துறையில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். "காத்து மேலேன்னா போகும்? தாழத் திறந்தா எப்படி வரும்?" என்றாள், வகுப்பில் கேட்கிற அதே குரலில். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்கரையில் பட்டு வேட்டியோடு காரைத் தள்ளி இறக்கினேன். பெண் வீட்டாரிடம் மாமனார் என்னை அறிமுகப்படுத்தினார்: "மூத்த மாப்பிள்ளை. மழைன்னா ரொம்பப் பயம்."

இன்றைக்கும் நான் ஸ்பானரை எடுத்தால், யாராவது எனக்கொரு குடையைக் கொண்டுவந்து தருவார்கள். மெக்கானிக் இடம் மாற்றி மாட்டிய பிறகு பிரேக் பிரமாதமாகப் பிடிக்கிறது. ஆனாலும் காரில் ஏறியதும் சுதாவின் வலது கை எங்கள் இருவருக்கும் நடுவில் வந்துவிடும். பார்க்கிறவர்கள் என்ன அன்னியோன்னியம் என்கிறார்கள். அவள் பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக்கை.