ஆறு மணிக்கு எழுந்திருக்கும் அப்பா

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் ஒருங்கே கலந்த பெரியப்பா அவர்களுக்கு, தங்கள் தம்பியின் ஒரே மகனும், போன தடவை தாங்கள் வந்திருந்தபோது தங்கள் இடது கால் செருப்பை ஃப்ரிட்ஜில் வைத்தவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கு யாரும் நலமில்லை. அங்கு தாங்களும், பெரியம்மாவும், தங்களிடம் வைத்தியத்துக்கு வரும் ஆடு மாடுகளும் நலமாக இருந்தால் அதில் கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பி வைக்கவும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் அடித்தால் பெரியம்மா எடுப்பார். பெரியம்மா எடுத்தால் அம்மாவுக்குப் போகும். அம்மாவுக்குப் போனால் அப்பாவுக்குப் போகும். அப்பாவுக்குப் போகக் கூடாது. கடிதத்தின் சாறு இவ்வளவுதான், மீதியெல்லாம் சக்கை. ஆனாலும் சக்கையைப் படித்தால்தான் சாறு இறங்கும்.

நான் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படிக்கிறேன். நிஜமாகத்தான். விண்ணப்பத்தில் ஐந்து விருப்பப் பாடம் கேட்டார்கள், நான்கை யோசித்து எழுதினேன், ஐந்தாவதற்கு யோசிக்கச் சோம்பல்பட்டுப் பேனா போன போக்கில் எழுதி வைத்தேன், யோசித்து எழுதிய நான்கும் கைவிட்டன, யோசிக்காதது கையைப் பிடித்துக்கொண்டது. விளையாட்டு வினையாகும் என்பார்கள். எனக்குப் பெயரும் வினையுமாகப் புத்தகம் முழுக்க ஆகிவிட்டது. அந்த மொழியில் எழுத்து மூன்று வகை. ஒன்று கோழி கிறுக்கியது, ஒன்று குச்சி ஒடித்துப் போட்டது, இன்னொன்று வீட்டுக்கு வரைந்த பிளான், ஒரு எழுத்துக்குள் மூன்று அறையும் ஒரு மாடிப்படியும் இருக்கும். நான்காவது வகை தலையெழுத்து, அது என் சொந்தச் சரக்கு. போதாக்குறைக்கு, அவரவர் அப்பாவை அந்த மொழியில் 'சிச்சி' என்று சொல்ல வேண்டும், அம்மாவை 'ஹஹா' என்று. எங்கள் வீட்டில் இப்போது முதலாவது மட்டும் பொருந்துகிறது, இரண்டாவது கேட்டு மாதக்கணக்காகிறது.

வகுப்பு மூன்றாவது மாடியில். மொத்தம் ஒன்பது பேர். டீச்சர் ஜப்பானியப் பெண்மணி, தமிழைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர், அதனால் நம் யாருக்கும் வராத தமிழ் அவருக்கு வரும். முதல் நாளே "இருக்கைகளில் அமர்ந்தருளுங்கள்" என்றார், அமர்ந்து அருளினோம். முதல் பாடம் குடும்ப அறிமுகம். என் தந்தை இன்ன வேலை செய்பவர் என்று எழுந்து சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருப்பதோ ஆறே ஆறு வேலை: ஆசிரியர், மாணவர், மருத்துவர், பொறியாளர், வங்கி ஊழியர், கம்பெனி ஊழியர். உலகத்தில் மற்றவர்கள் எல்லாரும் சும்மா சுற்றுகிறார்கள் போலிருக்கிறது. அப்பாவின் லிஃப்ட் மெக்கானிக் வேலை அதில் இல்லை.

இந்த இடத்தில் தங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவும் தாங்களும் பேசிக்கொள்ளாததாலும், அம்மா பெரியம்மாவிடம் இதை மட்டும் மூச்சுவிடாததாலும் தங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்பாவுக்கு வேலை போய்விட்டது. கம்பெனியில் ரிப்பேர் பிரிவையே மூடிவிட்டார்கள். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டவரைக் கூப்பிட்டு ஒரு கை குலுக்கி, படியில் இறக்கி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில்தான். சவரம் கிடையாது, சண்டை கிடையாது, என்னைத் திட்டுவதுகூடக் கிடையாது, போன வாரம் அவர் சட்டைப் பித்தானையெல்லாம் பின்பக்கம் தைத்து வைத்தேன், அப்படியே போட்டுக்கொண்டார். சமையலறையில் வாஷிங் மெஷின் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஃபேனை விட்டால் வீட்டில் மோட்டார் வைத்துச் சுற்றுகிற பெரிய பொருள் அது ஒன்றுதான். அழுக்குத் துணி இல்லாத நாளில் நான் துவைத்த துணியையே எடுத்து மறுபடி போட்டுவிட்டுப் போவேன், பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்று. என் சட்டைகள் எல்லாம் என்ன நிறம் என்று இப்போது எனக்கே தெரியாது.

'வேலை இல்லை' என்பதற்கு உரிய சொல் பதினான்காம் பாடத்தில் வருகிறதாம். எங்கள் வீட்டுக்கு அது முதல் பாடத்துக்கு முன்பே வந்துவிட்டது. கம்பெனி ஊழியர் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கம்பெனி என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை, எனக்கும் வாயில் வரவில்லை. மருத்துவர் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் முகம் மலர்ந்து, "தங்கள் தந்தையார் மருத்துவரா? பெருமகிழ்ச்சி. என் முழங்கால் நெடுநாளாக வலிக்கிறது" என்றார்.

அதோடு விட்டதா? பாடம் வளர வளரப் பொய்யும் வளர்ந்தது. ஐந்தாம் பாடத்தில் அப்பாவுக்குக் கார் வந்தது. ஆறாம் பாடத்தில் காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கிறார், செய்தித்தாள் படிக்கிறார், காபி குடிக்கிறார். எட்டாம் பாடத்தில் ஞாயிற்றுக்கிழமை நீச்சல், எட்டரையாம் பாடத்தில் என் தோளில் கை போட்டுக்கொண்டு பூங்காவில் நடக்கிறார். அப்படி ஒரு பாடம் இல்லை, நானே சேர்த்தேன். வகுப்பில் ஒன்பது பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே அப்பாதான், பெயர் மட்டும் வேறு. நிஜ அப்பா எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தூங்கினால்தானே எழுந்திருக்க. பெரியப்பா, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஆறு மணி ஆளை எனக்குப் பிடிக்கவும் ஆரம்பித்துவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் டீச்சர் குண்டு போட்டார். விடுமுறைக்கு முன் வாய்மொழித் தேர்வு. ஒவ்வொருவரும் தந்தையைக் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்தி, இவர்தான் அவர் என்று அறிமுகப்படுத்த வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை. "அம்மாவ கூட்டிட்டு வரலாமா மேடம்?" என்று கேட்டுப் பார்த்தேன். "மருத்துவரையே அழைத்து வருக" என்று முழங்காலைத் தடவிக்கொண்டார்.

என் பக்கத்து இருக்கைக்காரிக்குக் கார்ட்டூன் என்று பெயர் வைத்திருக்கிறேன், கார்ட்டூன் பார்த்தே இந்தப் படிப்புக்கு வந்தவள். அவள் அப்பா பேன்ட்டைச் சிறிசாக்கிப் பெரிசாக்கித் தரும் கடை வைத்திருப்பவர், வகுப்பில் வங்கி ஊழியர். அவளுக்குக் கவலையே இல்லை.

"எங்கப்பா டை கட்டிப் பழகிட்டு இருக்கார். ஜாலியா இருக்காரு. நீ பேசாம உண்மைய சொல்லிடேன்டா."

"எந்த பாஷைல?"

"தமிழ்லதான்."

"தமிழ்ல சொன்னா எங்கப்பாவுக்குப் புரிஞ்சிடுமே."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, எனக்கே ஆச்சரியம்.

ஏனென்றால் முன்பு சொந்தக்காரர் கல்யாணத்தில், மண்டபத்தில் வைத்துத் தாங்கள் அப்பாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஒழுங்கா படிச்சிருந்தா என்னை மாதிரி நீயும் டாக்டர் ஆகியிருக்கலாம்." அப்பா பதிலுக்கு, "மாட்டுக்கு ஊசி போடறதுக்கு மாடே போதும்" என்றார். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது பெற்ற பிள்ளையே வெளியில் போய்த் தன் அப்பாவை டாக்டராக்கிவிட்டான் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்? நான் இருக்கிறபடி என் மகனுக்கே போதவில்லை என்றுதானே. ஏற்கெனவே பாதி ஆள்தான் மிச்சம். அந்தப் பாதியையும் நானே துடைத்துவிடப் போகிறேன்.

ஆகவே பெரியப்பா, வெள்ளிக்கிழமை தாங்கள் என் அப்பாவாக வர வேண்டும். மூக்கு ஒன்றுதான், வழுக்கையும் அதே இடத்தில்தான். டாக்டர் என்பதும் முழுப் பொய்யில்லை, நோயாளிக்குக் கால் இரண்டா நான்கா என்று யார் கேட்கப் போகிறார்கள். பேச வேண்டியது எதுவும் இல்லை, நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினால் போதும், தங்களிடம் வருகிறவர்களைப் பார்த்துத் தங்களுக்கும் பழகியிருக்கும். டீச்சர் முழங்காலைக் காட்டினால் மட்டும் அவர் வாயைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டாம்.

பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லாமல் சொல்லவும். தங்கள் ஆசியை வேண்டி, திட்டையும் எதிர்பார்த்து,

தங்கள் தம்பி மகன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டக் கோந்து தேடிச் சமையலறைக்குப் போனேன். மெஷின் நின்றிருந்தது. அப்பா ஸ்டூலில் இருந்தபடியே, "வெள்ளிக்கிழமை எத்தன மணிக்கு?" என்றார்.

"என்னப்பா வெள்ளிக்கிழமை?"

"உங்க டீச்சரம்மா போன் பண்ணாங்க. 'மருத்துவர் ஐயா இல்லத்தில் உள்ளாரா'ன்னாங்க. ராங் நம்பர்னு வைக்கப் போனேன், உன் பேரச் சொன்னாங்க."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"நான்தான் பேசறேன்னு சொன்னேன்."

"முழங்கால் வலிக்குதுன்னாங்களா?"

"ஆமா. படி ஏறாதீங்க, லிஃப்ட்ல போங்கன்னு சொன்னேன்."

எங்கள் வகுப்பு இருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை, பெரியப்பா. "கோவமாப்பா?" என்று மட்டும் கேட்டேன். மெஷின் கதவைத் திறந்து துணியை வெளியே எடுத்தார்.

"கோவம் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். வேலைக்கு வாங்கன்னு நாலு மாசமா ஒருத்தனும் கூப்பிடல. ஒரு நாள் வேலதான், ஆனா வேல. வரேன். பெரியப்பன்கிட்ட வெள்ளக் கோட்டு இருக்கும், கேட்டு வாங்கு. நான் கேட்டேன்னு சொல்லித் தொலைக்காத."

ஆகவே தாங்கள் வர வேண்டாம். மேலே எழுதிய அத்தனையையும் மறந்துவிடவும். கோட்டு மட்டும் வியாழனுக்குள் வந்தாக வேண்டும். கேட்டது யார் என்று நான் சொல்லவில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்தால் தெரியட்டும், தைக்கத் தெரிந்தவர் அவர்தானே. தங்களுக்கும் அப்பாவுக்கும் ஒரே அளவு என்று நினைத்து அப்படியே அனுப்பிவிடாதீர்கள். தோளில் இரண்டு பக்கமும் நன்றாகப் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள். அப்பா அவ்வளவு இளைத்துவிட்டார்.