கங்காணியும் என் ஒற்றை ஸ்பானிஷ் வார்த்தையும்

அரைகுறைப் படிப்பு ஆளைக் கெடுக்கும் என்பார்கள். என் ஸ்பானிஷ் படிப்பு அரைகுறைகூட இல்லை. ஒரே ஒரு வார்த்தை. என்னைக் கெடுக்க அதுவே தாராளமாகப் போதும்.

அப்போது கோலா தெர்லா மலைத் தோட்டத்தில் முட்டைக்கோஸ் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் சுற்றுலா வேன் ஓட்டும் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், ஒரு நாள் கூப்பிட்டார்.

“மாப்ள, ஸ்பெயின்காரவங்க வராங்க. நீங்கதான் கைடு. நல்லாப் பண்ணுனா வேலை நிரந்தரம்லா. இல்லன்னா திரும்பவும் முட்டக்கோசுதான்.”

என் முதுகு அந்த வேலைக்காக ஏங்கியது. ஒரே ஒரு தடைதான். தேயிலைக் காட்டுக்கு ஏறும் வழியில் உள்ள தக்காளித் தோட்டத்தில் ‘கங்காணி’ என்று ஒரு நாய். (தோட்டத்து மேஸ்திரியான கங்காணியைப் போலக் குரைத்தே ஆட்களை வேலைக்கு விரட்டுவதால் வந்த பெயர்.) அதன் பல் தடம் என் கெண்டைக்காலில் இன்றும் இருக்கிறது.

விருந்தாளிகளைக் காப்பாற்ற வேண்டாமா? நாய்க்கு ஸ்பானிஷில் ‘பெர்ரோ’ என்று போனில் பார்த்துக்கொண்டேன். குளிக்கும்போதும் பெர்ரோ, கோப்பி குடிக்கும்போதும் பெர்ரோ.

“வெறும் நாய்னு சொன்னாப் போதுமா? என்னா செய்யணும்னு சொல்ல வேணாமா?” என்றாள் மனைவி.

“நம்ம லயத்து வீடுங்கள்ல யாராச்சும் நாய்னு கத்துனா வெளக்கமா கேக்குறோம்? ஓடுறோம்லா!”

மறுநாள் விருந்தாளிகளோடு வேனை விட்டு இறங்கி நடந்ததுதான் தாமதம், கங்காணி வந்துவிட்டது. “பெர்ரோ! பெர்ரோ!” என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு ஓடினேன். (வழிகாட்டி முன்னால்தானே போக வேண்டும்?) நின்றுகொண்டிருந்த லோரியில் தாவி ஏறினேன். ஏறிய பிறகுதான் தெரிந்தது, லோரி நிறையக் கோழி எரு.

முழங்கால் வரை புதைந்தபடி திரும்பிப் பார்த்தால், ஒருவரும் ஓடவில்லை. நான் ஏதோ அருவியைக் காட்டியதுபோல “பெர்ரோ!” என்று கொஞ்சிக்கொண்டு எல்லோரும் கங்காணியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கடித்த அந்தத் துரோகி, நான்கு காலையும் தூக்கி வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தது. தேயிலையைப் பார்க்கக் கூப்பிட்டும் அவர்கள் நகரவில்லை.

மச்சான் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துச் சிரித்தார். அவமானத்தில் எனக்கு அழுகையே வந்தது.

“வேலைக்கு ஆள் எடுத்தாச்சு மாப்ள, கங்காணிய. நீங்க வேணும்னா அதுக்கு அசிஸ்டன்டா வாங்க.”

போனேன். கங்காணிக்கு பிஸ்கட் வாங்குவது இன்றும் என் பொறுப்புதான். வீட்டில் நான் கொஞ்சம் குரல் உயர்த்தினால் போதும், மகள் “பெர்ரோ!” என்று கத்துவாள். என் கால் உடனே ஒரு லோரியைத் தேடும்.