கிளிமலைத் தோட்டத்தின் சிக்கில்லாக் கயிறு

மனித நாகரிகத்தை உயர்த்தியவை இரண்டு: சக்கரமும் சிக்கில்லாத கயிறும். சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. சிக்கில்லாத கயிறோ மஸ்கெலியாவுக்கு மேலே, கிளிமலைத் தோட்டத்து மண்டபத்தில், கண்ணாடி அலுமாரிக்குள் இன்றும் எழுந்தருளியிருக்கிறது.

மண்சரிவில் அகப்படுவோரை மீட்பதற்கென்று ஒரு தொண்டு நிறுவனம் அதைக் கொடுத்தது. அறுபது மீற்றர் நீளம், செம்மஞ்சள் நிறம், மலையேறுகிறவர்கள் பாவிக்கிற அசல் சாமான். கூடவே யாழ்ப்பாணத்திலிருந்து திட்ட அதிகாரி செல்வரத்தினத்தையும் கொடுத்தது.

“சிக்குப்பட்ட கயிறு உயிரை வாங்கும். விளங்குதோ?” என்றார் அவர், முதற்கூட்டத்தில்.

முன்வரிசையிலிருந்த ஜீவராணி தலையாட்டினாள். தலையாட்டிய ஒரே ஆள் என்பதால் ஏகமனதாகக் ‘கயிற்றுக் காப்பாளர்’ ஆனாள். பதினெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவளுக்கு யாரும் ஒரு பட்டம் தந்ததில்லை. கழுத்தில் அட்டையை மாட்டியபோது உண்மையிலேயே அவள் கண் கலங்கிற்று.

அன்றிலிருந்து, காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டைப்போல, சனிக்கிழமைதோறும் கயிற்றுக்கும் தனிப் பெரட்டு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவேண்டும். கயிற்றை அவிழ்த்து, அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்து, இடமும் வலமுமாகச் சம அளவில் மடித்து, அந்தக் கட்டின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடியும் உள்ளே வைக்கவேண்டும். வெயில் ஆகாது. ஈரமும் ஆகாது. மஸ்கெலியாவில் இரண்டும் இல்லாத இடம் அலுமாரிதான்.

“ஏன் ஜீவா, இதக் கட்டிக்கிட்டு எறங்கிப் பாக்கிறது எப்ப?” என்று கேட்டாள், அவளோடு கொழுந்து பறிக்கும் ராக்காயி.

“எறங்குனா சிக்குப்படுமாம்க்கா.”

அதிகாரி மேலும் ஒரு பாதுகாப்புச் செய்தார். கயிறு வெளியே வரவேண்டுமானால் படிவம் ‘க’ வேண்டும். அதில் அவருடைய கையொப்பமும் முத்திரையும் இருக்கவேண்டும். ஜீவராணி படிவங்களைப் பையில் போட்டு மலைக்கும் எடுத்துப்போனாள்.

ஒரு மழை நாள் காலை, திட்டத்தின் மகத்துவத்தை மேலிடத்துக்குக் காட்ட எண்ணிய செல்வரத்தினம், பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலையில், பள்ளத்து விளிம்பில் நின்று தன்னைத்தானே படம் பிடித்தார். படம் நன்றாக வந்தது. மண்தான் நிற்கவில்லை. இருபதடி கீழே ஒரு காட்டுக்கொய்யாவைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

“பிள்ளை! கயித்தைக் கெதியாக் கொண்டுவாங்கோ!”

ஜீவராணி மண்டபத்தை நோக்கி ஓடினாள். பத்தடி போனதும் நின்றாள். அட்டை நெஞ்சில் அடித்தது.

“ஐயா, படிவம் ‘க’ங்களே?”

“கொண்டாங்கோ!”

படிவமும் பேனாவும் ஒரு சணலில் கட்டிக் கீழே இறங்கின. ஒரு கையால் மரத்தையும் மறுகையால் நிர்வாகத்தையும் பிடித்தபடி அதிகாரி ஒப்பமிட்டார். தாள் மேலே வந்தது.

“முத்திரை இல்லீங்களே, ஐயா.”

“சீல் ஹற்றன் கந்தோரிலை கிடக்குது!”

“மழையும் பெய்யுதுங்க. ஈரத்துல கயிறு வெளிய வரக்கூடாதுன்னு விதி ஏழு.”

“விதியை விடுங்கோ, பிள்ளை!”

“விடச் சொல்லி எழுதித் தந்தீங்கன்னா…”

கொய்யாவின் வேர் ‘மடக்’ என்றது. அதிகாரி முதன்முறையாக அதிகாரி போலில்லாமல், “அம்மா!” என்று கத்தினார். ஒரு மனிதன் சாகப்போகிறான், தான் கையில் தாளை வைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது ஜீவராணிக்கு அப்போதுதான் உறைத்தது.

“கூடைக் கயித்த அவுருங்கடி!” என்றாள்.

ராக்காயியும் மற்றப் பெண்களும் கூடைக் கயிறுகளையும் இடுப்பில் கட்டும் சாக்குப் படங்குகளையும் அவிழ்த்து ஒன்றோடொன்று முடிந்தார்கள். முடிச்சுக்குமேல் முடிச்சு, அப்படியொரு அசிங்கமான கயிற்றை அந்த மலை கண்டதில்லை. இழுக்கும்போது அட்டை குறுக்கே வந்தது. ஜீவராணி அதைக் கழற்றிப் பள்ளத்தில் வீசினாள். பதினொரு பெண்கள், ஒரு மூச்சு. அதிகாரி மேலே வந்து சேற்றில் உட்கார்ந்து அழுதார்.

அடுத்த கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, ‘ஒருமுறையேனும் சிக்குப்படாத கயிறு’ என்று நிறுவனம் கிளிமலைக்குத் தந்த முதற்பரிசு. மற்றது ஜீவராணிக்கு: அரச இலச்சினைக்கு நிகரான பதவி அட்டையை எறிந்தது, அங்கீகாரமற்ற முடிச்சுகளால் ஓர் அதிகாரியை மீட்டது ஆகிய குற்றங்களுக்கு விளக்கம் தருக. ஒப்பம்: செல்வரத்தினம். இந்த முறை முத்திரையும் இருந்தது.

ஜீவராணி அன்றே பதில் எழுதினாள்:

“ஐயா, குத்தத்த ஒத்துக்கிறேன். அடுத்த தடவ நீங்க விழுந்தா, கயித்த வச்சிருக்கிற மாதிரியே ஒங்களையும் வச்சிருப்போம். கெடக்கிற எடத்துலயே, யாரும் தொடாம, ஒரு சிக்கலும் இல்லாம.”