பரண்ல ஒளிச்ச வர்க்கமூலம்

இந்தச் சனிக்கிழமை தலைகீழா நின்னாலும் பரண் ஏறுறதில்லைன்னு லிஃப்ட்டு முடிவு பண்ணிட்டாரு.

லிஃப்ட்டுங்கறது அவரு பேரில்ல, பட்டம். லிஃப்ட் மாட்டுற கம்பெனியில புகார் கேக்குற வேலை. பன்னண்டு வருஷமா ரெண்டே ரெண்டு வாக்கியத்தை வெச்சே காலத்தை ஓட்டுறாரு. வாட்ச்மேன் ஃபோன் பண்ணா, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க." உள்ள மாட்டுனவங்க ஃபோன் பண்ணா, "பதறாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்காங்க." அந்த ஆள் அப்பத்தான் செருப்பைத் தேடிக்கிட்டிருப்பாரு. அது உள்ள இருக்கவங்களுக்குத் தெரியவா போகுது?

பட்டம் ஒட்டிக்கிட்டதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மனுஷன் ஒரு இடத்துல நிக்கமாட்டாரு. உக்காந்தா கால் ஆடும், நின்னா கை ஆடும், படுத்தா கட்டிலே ஆடும்.

அவரு சம்சாரம் கணக்கு டீச்சர். ஆடவே மாட்டாங்க. அவங்க ஒண்ணு சொன்னா அதுக்கு விடை ஒண்ணுதான், மாத்தி எழுதினா மார்க் கிடையாது. கம்ப்யூட்டர் ரூம் வாசலுக்கு மேல இருக்குற பரணைச் சுத்தம் பண்ணச் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. போன மாசம் சொல்றதை நிறுத்திட்டு, காலண்டர்ல இந்தச் சனிக்கிழமையைச் சிவப்புல வட்டம் போட்டுட்டாங்க. வட்டம் போட்டாச்சுன்னா பரீட்சைத் தேதி மாதிரி.

அதே சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு கிளப்புல கேரம் ஃபைனல். இரட்டையர் ஆட்டம். லிஃப்ட்டும் டெய்லரும் ஒரு பக்கம், மீன்கடை அண்ணன் தம்பி மறுபக்கம். போன வருஷம் ஒரே ஒரு ரெட் காயில கோப்பை போச்சு. அந்த ரெட் இன்னும் இவரு கனவுல வந்து குழிக்குப் பக்கத்துல நின்னு சிரிக்குது.

டீச்சரும் கேரம் ஆடுவாங்க. நல்லாவே ஆடுவாங்க. போன வருஷம் தோத்துட்டு வந்தப்ப, அடுத்த தடவை நான் வேணா டெய்லர் அண்ணனோட ஆடட்டுமான்னு கேட்டாங்க. அதெல்லாம் கரும்பலகையில கோணம் வரையற மாதிரி இல்லம்மா, அதுக்கு ஒரு கை வேணும்னு இவரு சொல்லிட்டாரு. டீச்சர் சரின்னு தலையாட்டிட்டு விடைத்தாள் திருத்தப் போயிட்டாங்க. அது நல்ல சகுனமில்லன்னு இவருக்குத் தோணவும் இல்ல.

ஃபைனல் இருக்குன்னு சொன்னா, "பரணை முடிச்சிட்டுத் தாராளமாப் போங்க"ம்பாங்க. பரண்ல இருக்குற சாமானுக்கு அடுத்த வருஷ ஃபைனலுக்குத்தான் போக முடியும். அதனால லிஃப்ட்டு ஒரு திட்டம் போட்டாரு.

டீச்சர் அந்த வாரம் பூரா பரீட்சைக்கு வினாத்தாள் அடிச்சிக்கிட்டிருந்தாங்க. கணக்கு அடிக்கறதுக்குன்னே வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு சாஃப்ட்வேர் உண்டு. வர்க்கமூலம், பின்னம், பை, முடிவிலின்னு எல்லாக் குறியும் அதுல அழகா வந்து உக்காரும். அந்தக் குறியெல்லாம் ஒரே ஒரு ஃபான்ட் ஃபைலுக்குள்ள குடியிருக்கு. அந்த ஃபைலைத் தூக்கிட்டா குறி இருந்த இடத்துலெல்லாம் வெறும் கட்டம்தான் தெரியும். இது இவருக்கு எப்படித் தெரியும்னா, ஒரு தடவை தெரியாம அழிச்சிட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அனுபவக் கல்வி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் குளிக்கப் போன நேரம் பாத்து ஃபைலைத் தூக்கினாரு. ஒளிச்சு வெக்கப் புதுசா ஒரு ஃபோல்டர் திறந்தாரு. பேரு கேட்டுச்சு. இந்த வீட்டுல யாருமே எட்டிப் பாக்காத இடம் எதுன்னு யோசிச்சு, "பரண்"னு பேரு வெச்சாரு. வெச்சிட்டுத் தன் முதுகைத் தானே தட்டிக்கப் பாத்தாரு. கை எட்டல.

மிச்சம் சுலபம். சனிக்கிழமை காலையில டீச்சர் கட்டத்தைப் பாத்துக் கலங்கி நிப்பாங்க. இவரு நெட்டி முறிச்சு உக்காந்து, அஞ்சே நிமிஷத்துல ஃபைலைப் பழைய இடத்துல போடுவாரு. அவங்க நன்றியில நனைஞ்சு என்ன வேணும்னு கேப்பாங்க. இவரு தரையைப் பாத்துக்கிட்டே, இன்னிக்கு ஒரு நாள் பரண் வேணாமேம்பாரு. அவ்வளவுதான்.

மறுநாள் காலை பத்து மணி.

"ஏங்க, பையைக் காணோம்."

"கதவுக்குப் பின்னாடி தொங்குது பாரு."

"அந்தப் பை இல்லங்க. மூணு புள்ளி ஒண்ணு நாலு."

லிஃப்ட்டு பேப்பரை மெதுவா மடிச்சாரு. சிரிப்பையும் சேத்து மடிச்சாரு. போய்ப் பாத்தா திரை பூரா கட்டம். வினாத்தாள் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி இருந்துச்சு. மூணரை மணிக்குள்ள ஹெட்மிஸ்ட்ரஸ் கைக்குப் போகணும்னாங்க டீச்சர். போகலன்னா அத்தனையும் கையால எழுதணும், இவரு பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வரியா வாசிக்கணும், எப்படியும் ராத்திரி சாப்பாட்டு நேரம் ஆயிடும்.

"பதறாதீங்க டீச்சர், ஆள் வந்தாச்சு," ன்னு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. ஒரு காப்பி போட்டுக்கிட்டு வாங்க, அதுக்குள்ள முடிஞ்சிரும்னாரு.

டீச்சர் அடுப்படிக்குப் போனதும் பரண் ஃபோல்டரைத் திறந்தாரு.

காலி.

மூடித் திறந்தாரு. காலி. கண்ணைத் துடைச்சிட்டுத் திறந்தாரு. இந்த ஃபோல்டர்ல ஒண்ணுமில்லன்னு கம்ப்யூட்டர் ரொம்ப மரியாதையா எழுதிக் காமிச்சுது. குப்பைத்தொட்டியில தேடினாரு, அதுவும் சுத்தம். வீட்டுலயே சுத்தமான இடம் அது ஒண்ணுதான்.

கால் தாளம் போட ஆரம்பிச்சுது. தெரிஞ்ச வைத்தியத்தைச் செஞ்சாரு. ஆஃப் பண்ணாரு, ஆன் பண்ணாரு. கட்டம். மறுபடி ஆஃப், மறுபடி ஆன். அதே கட்டம், இன்னும் கொஞ்சம் தெளிவா. காப்பி வந்து ஆறிப்போச்சு. சாஃப்ட்வேரைத் தூக்கிட்டு இன்டர்நெட்லேர்ந்து திரும்ப ஏத்தினாரு. அது வந்துச்சு, ஃபான்ட் வரல. வீடு கட்டியாச்சு, குடி வரமாட்டேங்குது.

கடைசியா இன்டர்நெட்ல தேடி, பாக்க அதே மாதிரி இருந்த ஒரு ஃபான்ட்டை இறக்கிப் போட்டாரு. கட்டமெல்லாம் மறைஞ்சு, அந்த இடத்துல குட்டிக் குட்டிப் படமா ஏதோ வந்து உக்காந்துச்சு. ஜெயிச்சுட்டேன்னு டீச்சரைக் கூப்பிட்டாரு. அவங்க வந்து குனிஞ்சு, வகுப்புல வாசிக்கற குரல்ல நிதானமா வாசிச்சாங்க.

"ஒரு வட்டத்தின் ஆரம் கத்திரிக்கோல் ஏழு எனில், அதன் பரப்பு டெலிஃபோன் பெருக்கல் ஏழு என நிறுவுக. குடை வரை நீட்டுக." நிமிந்து பாத்தாங்க. "இதுக்கு எத்தனை மார்க் போடலாம்?"

லிஃப்ட்டு எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சாரு. கம்ப்யூட்டர்லேர்ந்து ஜன்னல், ஜன்னல்லேர்ந்து கடிகாரம், கடிகாரத்துலேர்ந்து கம்ப்யூட்டர். மணி பதினொண்ணரை. வேற வழியில்லாம சாஃப்ட்வேர்காரங்க உதவி நம்பருக்கு ஃபோன் போட்டாரு. உள்ள சிக்னல் சரியில்ல, பால்கனியில நின்னு கத்தினாரு.

"வர்க்கமூலம் சார், மூலம். நேத்து சாயங்காலத்துலேர்ந்து. வரவே மாட்டேங்குது, கட்டம் கட்டமா வருது. ஆமா சார், எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். ஒரு இடத்துல உக்கார முடியல."

பக்கத்து பால்கனியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தவரு, மருந்துக்கடையில முப்பது வருஷம் இருந்து ஓய்வெடுத்த கம்பவுண்டர், கேரம் கிளப்புலயும் மெம்பர். அவருக்குக் காதுல விழுந்தது மூலம். வர்க்கம் விழல. அஞ்சாவது நிமிஷம் கையில ஒரு களிம்பு ட்யூபோட வாசல்ல நின்னாரு. கூச்சப்படக் கூடாது தம்பி, இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான், வெந்நீர்ல கொஞ்ச நேரம் உக்காருங்க, காரத்தைக் குறைங்கன்னு வரிசையாச் சொன்னாரு. மூலம் எனக்கில்ல சார், கம்ப்யூட்டருக்குன்னு லிஃப்ட்டு சொன்னாரு. கம்பவுண்டர் ரொம்ப இரக்கத்தோட தலையாட்டினாரு. முப்பது வருஷத்துல இந்த மாதிரி எத்தனையோ பேரு, நண்பனுக்கு வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க.

போற போக்குல, எங்க வீட்டு ட்யூப்லைட் மாத்தணும், உங்க ஏணி கொஞ்ச நேரம் வேணும்னு டீச்சர்கிட்ட கேட்டாரு. இவரு வேலை முடியட்டும்ணே, நானே கூப்பிடறேன்னாங்க டீச்சர். என்ன வேலைன்னு லிஃப்ட்டு அப்பக் கேட்டிருக்கணும். ஃபோன்ல ஆள் பேசிக்கிட்டிருந்ததால கேக்கல.

ஃபோன்காரரு கடைசியாச் சொன்னது ஒண்ணுதான். சாஃப்ட்வேர் வாங்கினப்போ கூட ஒரு டிஸ்க் குடுத்திருப்பாங்களே, அதுல அந்த ஃபான்ட் இருக்குமே.

"டிஸ்க்கா? டிஸ்க் எங்க இருக்கு?" ன்னு லிஃப்ட்டு வாய்விட்டுக் கேட்டாரு.

"வேற எங்க," ன்னுச்சு அடுப்படி. "பரண்லதான்."

பன்னண்டு மணிக்கு லிஃப்ட்டு பரண் ஏறினாரு. ரெண்டு வருஷம் தப்பிச்சவரு, தானே ஏணியைத் தூக்கிட்டு வந்து, தானே சாத்தி, தானே ஏறினாரு. கீழ நின்னு டீச்சர் ஒவ்வொண்ணா வாங்கினாங்க. றெக்கை போன டேபிள் ஃபேன், குப்பை. மூணு கால் ஸ்டூல், குப்பை. கல்யாணத்துக்கு வந்த ஆறு சுவர்க் கடிகாரம், ஒண்ணை வெச்சிக்கிட்டு மிச்சம் தானம். உடம்பைக் குறைக்கிறேன்னு இவரு வாங்கி, உடம்பு குறையாம உபயோகம் குறைஞ்சுபோன சைக்கிள், அதை இறக்கறதுக்குள்ள நிஜமாவே ரெண்டு கிலோ குறைஞ்சாரு. தூசியோட தேடினா டிஸ்க்ல கீறல் விழுந்துரும்னு ஈரத்துணி ஒண்ணு மேல வந்துச்சு. துடைச்சுக்கிட்டே தேடினாரு. சிலந்தி வலையில மாட்டிக்கும்னு துடைப்பமும் வந்துச்சு. பெருக்கிக்கிட்டே தேடினாரு. டிஸ்க் ஒரு ஓரத்துலதான் இருக்கும், எந்த ஓரம்னு ஞாபகமில்லன்னாங்க டீச்சர். நாலு ஓரமும் பளபளன்னு ஆச்சு.

நடுவுல கீழ இவரு ஃபோன் ரெண்டு தடவை அடிச்சுது. டெய்லர். டீச்சர்தான் எடுத்தாங்க. "ஆள் கரெக்டா வந்துருவாங்கண்ணே, கவலைப்படாதீங்க," ன்னு சொன்னது மேல கேட்டுச்சு. லிஃப்ட்டுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோச்சு. இவ்வளவு கஷ்டத்துலயும் நம்ம மேட்சை நினைக்கிறா பாருன்னு, இன்னொரு தடவை சுவரைத் துடைச்சாரு.

மூணேகாலுக்கு, கடைசி மூலையில, கடைசிப் பெட்டியில, பழைய விடைத்தாளுக்கு அடியில அந்த டிஸ்க் இருந்துச்சு. மூலம் மூலையில. லிஃப்ட்டு பெட்டிக்குள்ளேர்ந்து தலையை எடுத்துக்கிட்டு வாசல் பக்கம் தவழ்ந்து வந்தாரு. முகமெல்லாம் ஒட்டடை, நடுவுல பல்லு.

"கிடைச்சிருச்சு டீச்சர்."

"சந்தோஷம். எதுல போடப் போறீங்க?"

லிஃப்ட்டு கீழ கம்ப்யூட்டரைப் பாத்தாரு. முன்பக்கம் பாத்தாரு, பக்கவாட்டுல பாத்தாரு. டிஸ்க் போட அதுல ஒரு ஓட்டை கிடையாது. போன வருஷம் கடையில, இப்ப டிஸ்க்கெல்லாம் எந்தக் காலத்து ஆள் போடுவான்னு கடைக்காரரைப் பாத்துச் சிரிச்சு, இதைத் தேர்ந்தெடுத்து வாங்கினவரே இவருதான்.

அப்பத்தான் திரையையும் பாத்தாரு. கட்டமில்ல, கத்திரிக்கோலில்ல. வர்க்கமூலம் குடை பிடிச்ச மாதிரி ஜம்முனு நிக்குது. பை ரெண்டு காலை ஊனிக்கிட்டு நிக்குது.

"எப்படி?" ன்னாரு.

டீச்சர் மேசையில ஒரு பென்டிரைவைக் காமிச்சாங்க. "நேத்து குளிச்சிட்டு வந்து பாத்தா என் கம்ப்யூட்டர்ல பரண்னு புதுசா ஒரு ஃபோல்டர். இந்த வீட்டுல பரண்ல என்ன ஏறுது, என்ன இறங்குதுன்னு எனக்குத் தெரியாதா? ஃபைலைத் திரும்பப் போட்டு வினாத்தாளை நேத்தே அனுப்பிட்டேன். காலையில மறுபடி இதுல எடுத்து வெச்சிக்கிட்டேன். நீங்க பாடுபட்டுப் போட்ட கணக்கு, பாதியில விட்டா நல்லாருக்குமா?"

லிஃப்ட்டு டிஸ்க்கை ஓரமா வெச்சாரு. காலை ஆட்டப் பாத்தாரு, பரண்ல இடமில்ல. சரி, தோத்தது தோத்தாச்சு. பரண்தான் போச்சு, ஃபைனல் இன்னும் போகல. மணி மூணரை. முகத்தைக் கழுவிட்டு ஓடினா போய்ச் சேந்துடலாம்.

"சரிம்மா, விடை சரி, முழு மார்க். அந்த ஏணியைக் கொஞ்சம் நகத்து."

"ஏணியை கம்பவுண்டர் அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டாரே. நீங்க கடைசிப் பெட்டிக்குள்ள தலையை விட்டிருந்தீங்கல்ல, அப்ப."

கீழ எட்டடி. குதிச்சா இடுப்பு போயிடும். இடுப்பு போனா கம்பவுண்டர் மறுபடி களிம்போட வருவாரு.

"நாலு மணிக்கு ஃபைனல்டி. டெய்லர் எனக்காகக் காத்துக்கிட்டிருப்பான்."

"இல்லங்க, எனக்காக. உங்களுக்கு உடம்புக்கு முடியல, உக்கார முடியாதுன்னு கம்பவுண்டர் அண்ணனே கிளப்புல சொல்லிட்டாராம். பேரை மாத்தி எழுதிட்டாங்க."

டீச்சர் கதவுக்குப் பின்னாடி தொங்கின பையை எடுத்துத் தோள்ல மாட்டினாங்க. அதுல இவரு ஸ்ட்ரைக்கர் டொக்குனு ஒரு சத்தம் போட்டுச்சு.

"ஏய், அப்ப நான் எப்படி இறங்குறது?"

வாசப்படியில செருப்பைப் போட்டுக்கிட்டே டீச்சர் சொன்னாங்க: "பதறாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்காங்க."