காதய்யாவும் முட்டைரொட்டி வண்டியும்

அன்று மாலை அவர் கடைசியாகச் செய்த வேலை, வண்டி ஜன்னலின் பலகையைத் தூக்கி மாட்டிப் பார்த்ததுதான். தூக்கி மாட்டினால் நிழல், இறக்கினால் கதவு. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் கொக்கி தேய்ந்திருந்தது. அவர் கையை எடுத்ததும் பலகை படாரென்று இறங்கி அவர் மண்டையைப் பதம் பார்த்தது.

"சிரிக்காதே," என்றார் மனைவியிடம். "நாளைக்குப் புதுக் கொக்கி வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் இந்த ஜன்னலைத் திறக்காதே. விரல் போயிடும்."

அவள் சிரித்துக்கொண்டேதான் வெங்காயம் உரித்தாள். மறுநாள் காலை கொக்கி வாங்கப் போனவர், இரும்புக்கடை வாசலில் கொஞ்சம் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அவர்களுடைய வண்டி ஒரு பழைய பால் வண்டி. அதற்குள் அடுப்பு வைத்து, முட்டையில் தோய்த்த ரொட்டி சுட்டு விற்பது என்பது இருவரும் நாலு வருஷமாகப் போட்ட திட்டம். நகராட்சியில் இடமும் கிடைத்திருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சாப்பாட்டு வண்டிகள் நிற்கும் திடலில், பதின்மூன்றாம் எண். ஒரு நிபந்தனை உண்டு. முப்பது நாளுக்குள் ஜன்னலைத் திறந்து வியாபாரம் தொடங்க வேண்டும். தவறினால் இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அவர் போனபோது அந்த முப்பதில் இரண்டு நாள்தான் செலவாகியிருந்தது. மிச்சம் இருபத்தெட்டு நாளை அவள் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் திடலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே பன்னிரண்டு வண்டிகள். பன்னிரண்டும் காலையில் வீட்டிலிருந்து ரிவர்ஸில்தான் வரும். மாலையில் ரிவர்ஸில்தான் போகும். ஓட்டுகிறவர்கள் அத்தனை பேருக்கும் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. சந்தியில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் முதலில் அபராதம் போட்டார், பிறகு கெஞ்சினார், கடைசியில் அவர்கள் வரும் நேரத்துக்கு அவரே முதுகைத் திருப்பி நிற்கப் பழகிக்கொண்டார். ஏனய்யா இப்படி என்று கேட்டால் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில், "காதய்யா சொன்னார்," என்பார்கள்.

காதய்யா முன்பு டயருக்குப் பஞ்சர் ஒட்டியவர். ஒரு நாள் ஓட்டை எங்கே என்று தேடிக் காதை டயரில் வைத்தாராம். டயர் தன் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி அழுததாம். அன்றோடு பஞ்சர் ஒட்டுவதை விட்டுவிட்டார். டயரைவிட லாபமான ஓட்டை மனிதர்களிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

அவருடைய மூலதனம் எண்ணெய் ஊற்றும் புனல் ஒன்று. அதன் அகன்ற வாயை வண்டியின் பானெட்டில் வைப்பார். குழாயை வலது காதில் வைப்பார். கண்ணை மூடுவார். திடலே மூச்சை அடக்கிக்கொள்ளும். சூப்பு விற்பவரின் வண்டியைக் கேட்டுவிட்டு, "இது பின்னாடி நடந்தாத்தான் முன்னேறும்," என்றார். சூப்புக்காரர் ரிவர்ஸில் வந்த முதல் நாள் நல்ல மழை. பத்து மணிக்கே பாத்திரம் காலி. மழை பெய்தால் சூப்பு விற்கும் என்பது அடுப்புக்குக்கூடத் தெரியும். சூப்புக்காரருக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து பன்னிரண்டும் ரிவர்ஸ்.

நூடுல்ஸ் விற்கும் கணவன் மனைவியின் வண்டி போன பிறவியில் கப்பலாக இருந்ததாம். கடலை நினைத்து ஏங்குகிறதாம். அவர்கள் தினமும் அதன் சக்கரங்களுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். சக்கரம் துருப்பிடித்தது. "பார்த்தீங்களா, கப்பலா மாறுது!" என்றார் காதய்யா. இருவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ஒவ்வொரு தோஷத்துக்கும் ஸ்டியரிங்கில் செம்புக் கம்பிச் சுருள் சுற்ற வேண்டும். ஒரு சுருள் ஒரு கேஸ் சிலிண்டர் விலை. விற்பவன் காதய்யாவின் மச்சான், பழைய பேட்டரி வியாபாரி. போதாததற்கு எல்லா வண்டியிலும் முதல் தட்டு காதய்யாவுக்கு. ஞானம் பசியைத் தூண்டும் போலிருக்கிறது. மனிதர் தினமும் பன்னிரண்டு காலை உணவு சாப்பிட்டார்.

இருபத்தேழாம் நாள் அவள் வண்டியை ஓட்டிக்கொண்டு திடலுக்கு வந்தாள். நேராக வந்தாள். பன்னிரண்டு கோணல் கழுத்துகளும் பதறின.

"அக்கா, என்னக்கா இது, மூஞ்சியைக் காட்டிக்கிட்டு வரீங்க!" என்றார் சூப்புக்காரர். "காதய்யா காது வைக்காம ஜன்னலைத் தொடாதீங்க. ஏற்கெனவே ஒரு உயிர் போயிருக்கு."

அவளுக்குப் பெரிதாக நம்பிக்கை எதுவும் கிடையாது. ஆனால் இருபத்தைந்து நாளாக வீட்டில் ஒரு குரல் குறைந்திருந்தது. அந்தக் குரலைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒருவர் புனலோடு வந்து நின்றால் மனசு என்ன செய்யும்? அதுவும் ஒரு காதை நீட்டத்தான் செய்யும்.

காதய்யா புனலை வைத்தார். கண்ணை மூடினார். "உள்ளே ஒருத்தர் இருக்கார். இன்ஜின் நடுவுல உட்கார்ந்திருக்கார். ஏதோ சொல்றார்... 'ஜன்னலைத் திறக்காதே'ங்கறார்."

அவள் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

"எத்தனை நாளைக்குத் திறக்கக் கூடாது?" என்றாள். காதய்யா பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டாள்.

"இந்தப் பக்கமா வந்து பேசும்மா," என்று தன் இடது பக்கத்தைக் காட்டினார். "நாற்பது நாள். அவர் கோபம் ஆறணும்."

"வேற... வேற ஏதாவது சொல்றாரா?"

"மூணு நாள் கழிச்சு வா. கம்பி நல்லா ஊறினா இன்னும் தெளிவாக் கேட்கும்."

பேட்டரிக்காரன் ஏழு சுருள் சுற்றினான்.

வீட்டில் நாத்தனார் காத்திருந்தாள். அவருடைய தங்கை. ஆஸ்பத்திரியில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கிற வேலை. நடந்ததைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்க காதுல எவ்வளவு பெரிய பூவைச் சுத்தியிருக்கான் அண்ணி!"

"உங்க அண்ணன் கடைசியா சொன்ன வார்த்தை அது. அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?"

"துக்கம் கேக்க வந்தவங்க அத்தனை பேர்கிட்டயும் அதையேதானே சொல்லிச் சொல்லி அழுதீங்க? பேட்டரிக்காரனும்தான் வந்தான். ரெண்டு டம்ளர் காபி குடிச்சான். மூணாவது இருக்கான்னு கேட்டான்."

அவள் திரும்பி அலமாரியில் இருந்த டம்ளர்களைப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் கேளுங்க. முப்பது நாள்ல நீங்க திறக்கலைன்னா இடம் யாருக்குப் போகும்னு நகராட்சி போர்டுல ஒட்டியிருக்கு. நான் போய்ப் பார்த்தேன். அடுத்த பேரு பேட்டரிக்காரனுது. இப்பப் புரியுதா, ஏன் நாற்பது நாள்னு?"

"புரியுது. ஆனா ஒருவேளை... ஒருவேளை அவர் நிஜமாவே உள்ள இருந்தா?"

நாத்தனார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

"அண்ணன் போன மூணாம் நாள் நானும் பானெட்ல காதை வச்சுப் பார்த்தேன் அண்ணி. யாரும் பார்க்காதப்ப. பதினோரு வருஷமா எனக்குக் காதுதான் சோறு போடுது. ஊசி விழுந்தா சொல்லிடுவேன். ஒண்ணுமே கேக்கலை. எங்கிட்ட பேசாம அண்ணன் பஞ்சர் ஒட்டறவன்கிட்டயா பேசுவான்?"

இரண்டு பேரும் கொஞ்சம் அழுதார்கள். அதற்குப் புனல் தேவைப்படவில்லை.

அவள்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எண்ணெய் ஒழுகுது, இன்ஜினைக் கழட்டணும்னு மெக்கானிக் சொன்னாரே. உடனே கழட்டிக்கிட்டுப் போகச் சொல்லு. அப்புறம் உங்க அண்ணன் எங்க உட்கார்றார்னு பார்ப்போம்."

"அண்ணி!" என்றாள் நாத்தனார். பிறகு ஏதோ நினைத்தவளாக, "அந்த ஆள் புனலை எந்தக் காதுல வச்சான்?"

"வலது."

"உங்களை எந்தப் பக்கம் வந்து பேசச் சொன்னான்?"

"இடது பக்கம்."

இருபத்தைந்து நாளில் நாத்தனார் சிரித்தது அப்போதுதான்.

முப்பதாம் நாள். நகராட்சி அலுவலர் பன்னிரண்டு மணிக்கு நோட்டுடன் வருவார். ஒன்பது மணிக்கே திடலில் இடமில்லை. முட்டைரொட்டி வண்டிக்குள் செத்தவர் பேசுகிறார் என்ற செய்தி பேருந்து நிலையம் முழுக்கப் பரவி, ஊருக்குப் போக வந்தவர்கள் பேருந்தை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். மெக்கானிக்கும் இரண்டு ஆட்களும் வண்டியை முன்பக்கமிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். "ரிவர்ஸ்ல வருது! அக்கா திருந்திட்டாங்க!" என்று கூட்டம் பூரித்தது.

காதய்யா பன்னிரண்டாவது தட்டை வழித்துவிட்டு ஏப்பத்துடன் வந்தார்.

"ஐயா," என்றாள் அவள், இடது பக்கமாகப் போய் நின்று. "அவர் இன்னும் உள்ளதான் இருக்காரா?"

புனல் ஏறியது. கண் மூடியது. "இருக்கார். அன்னிக்கைவிடத் தெளிவா இருக்கார். இன்ஜின் மேல சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கார். சூடா இருக்காம். வேர்க்குதாம். 'ஜன்னலைத் திறக்காதே'ங்கறார்."

"இன்ஜின்லதானே? நல்லாக் கேட்டீங்களா?"

"இருபது வருஷமா இன்ஜின்தாம்மா எனக்குச் சொந்தக்காரன்."

நாத்தனார் பானெட்டைத் தூக்கினாள்.

சொந்தக்காரன் ஊரில் இல்லை. இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெங்காய மூட்டை உட்கார்ந்திருந்தது. அதற்கு வேர்க்கவும் இல்லை.

நியாயமாகக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம்பிக்கை அவ்வளவு சுலபத்தில் பஞ்சர் ஆகிற சாமானா? சூப்புக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். "இன்ஜினே இல்லாம இன்ஜின் பேசினதைக் கேட்டிருக்காரே! இவர் மனுஷரா!" நூடுல்ஸ்காரரின் மனைவி வெங்காய மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. "ஐயோ, எனக்கு அழுகை வருதே! அண்ணன் இங்கதான் இருக்கார்!" என்று அலறினாள். மூட்டையைத் தொட வரிசை நின்றது.

காதய்யாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இன்ஜின் போனா என்ன? தகரத்துக்கு ஞாபகசக்தி உண்டு," என்றார்.

"சரிங்கய்யா," என்றாள் நாத்தனார் பணிவாக. "ஆனா தகரம் ரொம்ப மெதுவாப் பேசுமே. இங்க ஒரே இரைச்சல். அந்த இடது காதை இறுக்கி மூடிக்கிட்டு வலது காதால மட்டும் கேளுங்க."

"அதெல்லாம் வேண்டாம்மா—"

"மூடுங்கய்யா! நல்லாக் கேக்கட்டும்!" என்றது கூட்டம். காதய்யா தயங்குவதைப் பார்த்துச் சூப்புக்காரரே பக்தியோடு ஓடிவந்து, கரண்டி பிடித்துக் காய்த்த தன் உள்ளங்கையை அந்த இடது காதில் வைத்து அழுத்திக்கொண்டார். எதிரியிடமிருந்து தப்பலாம், பக்தனிடமிருந்து தப்ப முடியாது. காதய்யா வேறு வழியில்லாமல் புனலை வண்டியின் தகரத்தில் வைத்துக் கண்ணை மூடினார்.

நாத்தனார் அவர் வலது தோளுக்குப் பின்னால் போய் நின்றாள். "ஐயா, கேக்குதா?"

"மெதுவாப் பேசறார்," என்றார் காதய்யா.

"ஐயா! உங்க மச்சான் கம்பிப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடறான்!"

எல்லோரும் திரும்பினார்கள். உண்மைதான். வெங்காய மூட்டையைப் பார்த்ததும் பேட்டரிக்காரன் பெட்டியோடு நழுவிக்கொண்டிருந்தான். காதய்யா மட்டும் திரும்பவில்லை. "'திறக்காதே, திறக்காதே'ங்கறார்," என்றார்.

நூடுல்ஸ்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரும்புச் சட்டியை எடுத்து வந்து, அந்த வலது காதுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, கரண்டியால் டமாரென்று அடித்தார்.

"இப்ப சாந்தமாயிட்டார்," என்றார் காதய்யா புன்னகையோடு.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஓடிப்போய்த் தன் வண்டியின் ஹாரனை அமுக்கினார். கூரையில் இருந்த புறாக்களெல்லாம் பறந்தன.

"தூரத்துல ஏதோ முணுமுணுக்கறார்."

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு திடலே சிரித்தது. சூப்புக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மெல்லக் கையை எடுத்தார். "ஐயா," என்றார், அழுகிற குரலில், "உங்களுக்கு அந்தக் காது கேக்காதா?"

"எந்தக் காது?"

"எங்க வண்டியெல்லாம் பேசின காது!"

காதய்யா கண்ணைத் திறந்தார். மச்சானைத் தேடினார். இல்லை. புனலைக் கீழே வைத்தார்.

"பஞ்சர்க் கடையில டயர் ஏதாவது பக்கத்துல வெடிச்சுதா ஐயா?" என்று நாத்தனார் இடது பக்கம் வந்து கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். "ஆஸ்பத்திரிக்கு வாங்க. நல்லபடியாப் பார்க்கலாம். அங்க புனலெல்லாம் வேண்டாம்."

பதினொன்றே முக்காலுக்கு அவள் ஜன்னலுக்கு உள்பக்கமாகப் போய் நின்றாள். திறக்காதே என்று அவர் சொன்னது நிஜம்தான். ஆனால் அவர் பயந்தது அவள் விரல்களுக்காக மட்டுமே. விரல்களை ஒதுக்கி வைத்துக்கொண்டு பலகையைத் தூக்கினாள். ரொட்டி புரட்டும் நீளமான மரக்கரண்டியை அடியில் முட்டுக்கொடுத்தாள். நின்றது. அலுவலர் வந்தபோது கல்லில் நாலு ரொட்டி வெந்துகொண்டிருந்தது. இன்ஜின் இல்லாத வண்டியில் ரொட்டி வேகுமா என்று அவர் கேட்கவில்லை. படித்தவர்.

முதல் ரொட்டியைச் சூப்புக்காரர் வாங்கினார். அன்று மாலை பன்னிரண்டு வண்டிகளும் நேராக வீட்டுக்குப் போயின. கழுத்துகள் நேராக மட்டும் ஒரு வாரம் பிடித்தது. பஞ்சர்க் கடை மறுபடி திறந்திருக்கிறது என்கிறார்கள். பேட்டரிக்காரன் வேறு திடலில் யாரோ ஒரு மூக்கய்யாவைப் பிடித்திருக்கிறான் என்றும், அவர் அடுப்பை மோந்து பார்த்தே எதிர்காலம் சொல்கிறார் என்றும், கூட்டம் தாங்கவில்லை என்றும் கேள்வி. அங்கே வரிசையில் நிற்கிற பெரியோர்களே, வண்டிக்குள் யார் இருக்கிறார் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் தலையை ஒரு தட்டுத் தட்டி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

இன்ஜின் பத்து நாளில் திரும்பி வந்தது. எண்ணெய் ஒழுகுவது நின்றுவிட்டது. இரும்புக்கடை வழியாகத்தான் அவள் தினமும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறாள்.

புதுக் கொக்கி இன்னும் வாங்கவில்லை. பலகையை அந்த மரக்கரண்டிதான் தாங்குகிறது.