ஓட்டை போட்ட டப்பா

மார்ச் 9, திங்கள். இன்று ஒரு சின்ன விதிமீறல். பொறிவண்டுகளுக்கு இரை வைக்க ஆய்வகத்தில் வளர்க்கிற அவரைக் கொழுந்து ஒரு பெட்டிக்குத்தான் காணும் போலிருந்தது. அதனால் பச்சை மூடிப் பெட்டிக்கு மட்டும் எங்கள் மொட்டைமாடிச் செடியிலிருந்து கிள்ளிக் கொண்டுவந்து வைத்தேன். கொழுந்து முழுக்க அசுவினிப் பூச்சி. ஓடவில்லை, நகரவில்லை. சமர்த்தாக இருந்தன.

நாட்குறிப்பில் இதை எழுதிய பெண்ணை ஆய்வகத்தில் ‘ரெண்டுதடவை’ என்றுதான் கூப்பிடுவார்கள். குழாயை மூடினால் இரண்டு தடவை பார்ப்பாள். கதவைப் பூட்டினால் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். செவ்வாய்க்கிழமை காலை அவள் பச்சை மூடிப் பெட்டியையும் இரண்டு தடவை பார்த்தாள். இரண்டு தடவையும் பொறிவண்டுகள் பாதிக்குமேல் மல்லாந்து கிடந்தன.

மாடிப்படிக்கு ஓடி அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, மாடி அவரைச் செடிக்கு ஏதாவது அடிச்சியா?”

“எறும்பா ஏறுதேன்னு பூச்சி மருந்து அடிச்சேன். ஏன், அதைச் சமைச்சுட்டியா?”

“சமைக்கல. பரிமாறிட்டேன்.”

நடக்கிற சோதனை இதுதான். மரபணு மாற்றிய புது மக்காச்சோளம் ஒன்று வரப்போகிறது. களைக்கொல்லியை அதன் தலையிலேயே ஊற்றினாலும் வாடாது. பயிர் தாங்கும், சரி. அந்த வயலில் அசுவினியைத் தின்று பிழைக்கும் பொறிவண்டு தாங்குமா? சிவப்பு மூடிப் பெட்டி வண்டுகளுக்குக் களைக்கொல்லி, பச்சை மூடிப் பெட்டி வண்டுகளுக்கு வெறும் தண்ணீர். சிவப்பை ஆய்வகத் தலைவரான பெரிய சாரே பார்த்துக்கொண்டார். மருந்து விஷயம், சின்னப் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது என்பார். பச்சை இவள் பொறுப்பு.

தண்ணீர் குடித்த வண்டுகளே சாக ஆரம்பித்தால் சோதனை செல்லாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவள் வேலை நிரந்தரமாவதும் அந்தப் பெட்டியோடுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

கொழுந்தை எடுத்து எறிந்தாள். ஈரப் பஞ்சால் பெட்டியை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். பிழைத்திருந்த வண்டுகளில் சில, மூலையில் தேங்கிய நீரில் விழுந்து செத்தன.

மதியம், சாப்பாட்டு டப்பாவின் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டுக்கொண்டு, வாசல் பக்கத்து வேலிக்குப் போனாள். செடிக்குச் செடி குனிந்து தேடியதில் ஓரளவு வண்டுகள் கிடைத்தன. செத்தவற்றை எடுத்துவிட்டு இவற்றைப் பெட்டியில் விட்ட பிறகுதான் கவனித்தாள். ஆய்வக வண்டுகளின் முதுகில் புள்ளி. வேலி வண்டுகளின் முதுகில் கோடு.

அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“போய்ச் சொல்லிட வேண்டியதுதானே?” என்றாள் அக்கா.

“சொன்னா வேலை போயிடும்.”

“சொல்லலன்னா?”

“என்ன ஆயிடும், சொல்லு? சிவப்புப் பெட்டியில நான் கையே வைக்கல. மருந்து குடிச்ச வண்டு எல்லாம் ஜோரா இருக்குன்னு சார் தினம் சொல்றார். மருந்து கெடுதல் இல்லைங்கிறது உண்மைதானே? நான் செஞ்சதால அந்த உண்மை மாறிடுமா?”

“மாறாதுன்னா நீ ஏன் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்க?”

புதன்கிழமை காலை இன்னொரு யோசனை வந்தது. இரண்டு பெட்டியிலும் கோடும் புள்ளியும் கலந்திருந்தால் யார் கண்டுபிடிக்க முடியும்? சார் வருமுன் நாலைந்து கோட்டு வண்டுகளைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிவப்பு மூடியைத் திறந்தாள்.

உள்ளே, கொழுந்தின்மேல், கோடு போட்ட வண்டுகள் உலாவிக்கொண்டிருந்தன. புள்ளி வைத்தது ஒன்றுகூட இல்லை.

நேற்று எந்தப் பெட்டியைத் திறந்தோம்? பச்சையா, சிவப்பா? வேலி வண்டைச் சாரின் பெட்டியிலும் கொட்டிவிட்டோமா? அப்படியானால் புள்ளி வண்டெல்லாம் எங்கே? இரண்டு தடவை பார்க்கிற தனக்கே இப்படி மூளை குழம்பினால், இனி எதை எத்தனை தடவை பார்த்து என்ன பயன்?

“என்னம்மா, காலையிலேயே?”

பின்னால் சார். அவள் மூடியை வைத்த சத்தத்தில் சாரும் சேர்ந்து திடுக்கிட்டார்.

“இல்ல சார். வண்டு முதுகுல... கோடு மாதிரி...”

சார் பெட்டிப் பக்கமே பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது ஒண்ணுமில்ல. இந்த மாதிரிப் பெட்டியில வெளிச்சம் சாஞ்சு விழுந்தா புள்ளி கோடாத்தான் தெரியும்.”

“பச்சைப் பெட்டியிலயும் அப்படித்தான் சார் தெரியுது.”

“அதே வெளிச்சம்தானே?” என்றவர் தொண்டையைக் கனைத்தார். “நாளைக்கு அறிக்கை போகுது. களைக்கொல்லியால வண்டுக்கு ஒரு கேடும் இல்ல. நீயும் கையெழுத்துப் போடணும். உன் வேலைக்கு நான் பொறுப்பு.”

இதைக் கேட்க அவள் எத்தனை நாள் காத்திருந்தாள். இப்போது கேட்டபோது கழுத்தில் கல்லைக் கட்டியதுபோல் இருந்தது. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் கண் காணாத வயல்களிலெல்லாம் மருந்தை அடிக்கப்போகிறார்கள்.

சாயங்காலம் பார்த்தால் பச்சைப் பெட்டியில் இன்னும் இரண்டு மல்லாந்திருந்தன. இதுதான் கடைசி என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டு, டப்பாவோடு வேலிக்குப் போனாள். ஒரு வண்டு இல்லை. இலை இலையாகப் புரட்டிவிட்டாள். யாரோ துடைத்து வைத்ததுபோல் இருந்தது வேலி.

வாசலில் ஸ்கூட்டரில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெரிய சாரின் மனைவி. அவரைக் கூட்டிப்போக வந்தவர், இவள் செடிக்குள் தலையை விட்டுத் தேடுவதை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா தேடுற?”

“சும்மா... ஒரு பூச்சிங்க.”

அந்த அம்மாளின் பார்வை டப்பா மூடியில் போய் நின்றது. பெருமூச்சு விட்டார்.

“நீயுமா? எங்க வீட்ல டப்பா ஒண்ணு விடாம மூடியில ஓட்டை போட்டு வச்சிருக்கார்மா. பத்து நாளா விடியறதுக்குள்ள இங்க வந்து நின்னுடறார். சிவப்பு மூடிப் பெட்டியில போடப் போடச் செத்து விழுதாம், ஈடுகட்டி மாளலையாம்.”

மார்ச் 11, புதன். நாளைய வேலை: விடியும் முன்பே வேலிக்குப் போய்ச் சாருக்காகக் காத்து நிற்க வேண்டும். டப்பா வேண்டாம்.