உபரி உட்கருக்கள்

எங்கள் தசை ஆராய்ச்சி நிலையத்தில், எலிகளின் கால் தசையை நுண்ணோக்கியில் பார்த்து, அதிலுள்ள செல் உட்கருக்களை எண்ணுவது ஓர் அம்மையாரின் பணி. நாங்கள் அவரை எலி டாக்டர் என்போம். எலி வளரும்போது தசைநார் தடிக்கிறது, அதற்குள் உட்கருக்களும் கூடுகின்றன. வயதானால் தசைநார் மெலிகிறது, உட்கருக்களோ அவ்வளவாகக் குறைவதில்லை. பதினோரு வருடம் எண்ணிக் கண்டதை அறிக்கையாக எழுதி, மீதமிருந்த ஆறு கிழ எலிகளையும் ஆராய அனுமதி கேட்டார்.

நிர்வாகக் கண்காணிப்பாளர் அறிக்கையை முழுக்கப் படித்துவிட்டார். அதுதான் வினையாகிப் போனது. தசைநாரின் பரப்பளவு குறைந்த பின்னும் உட்கருக்கள் எந்த ஆணையின்படி பணியில் நீடிக்கின்றன என்று குறிப்பாணை வந்தது. எலி டாக்டர் நேரில் போய், இது இயற்கை என்றார்.

"அப்படியே எழுதிக் கொடுங்க மேடம். இயற்கை சார்பா யார் கையெழுத்துப் போடுவாங்க?"

அம்மையாரே போட்டார். கோப்பு மேசை மேசையாக ஊர்ந்தது. எட்டாம் மாதம் அனுமதி வந்தபோது ஆறு எலிகளும் செத்திருந்தன. கடைசி எலியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அனுமதித்த எலிகளை ஆண்டு முடிவதற்குள் ஆராயாவிட்டால் ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவார்கள். கூண்டில் இருந்தவையோ மூன்று மாத இளவட்டங்கள். கண்காணிப்பாளரே மனமிளகி வழி சொன்னார்.

"பதிவேட்டுல பிறந்த தேதியைத் திருத்திடுங்க. எலி ஆட்சேபிக்கவா போகுது?"

"அதுங்க கிழடு இல்லையே சார்."

"பதிவேட்டுப்படி கிழடுதானே மேடம்."

எலி டாக்டர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவரை நம்பி நான்கு உதவியாளர்கள் இருந்தார்கள். மூன்றாம் நாள் திருத்தினார்.

முடிவு தெளிவாக வந்தது: முதுமையில் தசை மெலிவதே இல்லை. உபரி உட்கரு ஒன்றும் இல்லாததால் குறிப்பாணை ரத்தானது. பத்திரிகைகள் கொண்டாடின. எங்கள் எலிகள் தின்ற தீவனத்துக்குக் கடைகளில் வரிசை நின்றது. காலை உணவாக அதைத் தின்னாதவர்களை நாகரிகம் தெரியாதவர்களாகப் பார்த்தார்கள்.

பாராட்டு விழாவில், முதுமை ஒழிந்ததை முறைப்படி அறிவிக்க எங்கள் நிலையத்தின் வயதான இயக்குநர் எழ முயன்றார். முடியவில்லை. கண்காணிப்பாளர் ஒரு கையையும் எலி டாக்டர் இன்னொரு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் அறிவித்தார்.

எங்களில் எழ முடிந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினோம்.